சார்லட் பிராண்டே

இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க்‌ஷயர் என்னும் நிலப்பகுதி உள்ளது. அங்கே மரங்கள் அருகி, காற்று ஓயாது வீசும் மேட்டுப் புல்வெளிகளை ஒட்டி ஹாவர்த் என்னும் சிற்றூர் அமைந்திருக்கிறது. ‘ஜேன் அயர்’ என்னும் புதினத்தால் உலகப் புகழ் பெற்ற சார்லட் பிராண்டே வளர்ந்தது இவ்வூரில்தான். அவர் 1816ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் தார்ன்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை பேட்ரிக் பிராண்டே கிறித்தவத் திருச்சபைக் குரு. 1820இல் அவருக்கு ஹாவர்த் ஆலயப் பொறுப்புக் கிடைக்கவே, குடும்பம் அங்குக் குடியேறியது.

மறு ஆண்டே தாய் மறைந்தார். தாயின் தமக்கை வந்து பிள்ளைகளைப் பேணினார். 1825இல், உறைவிடப் பள்ளியில் நோயுற்ற மூத்த அக்காள்மார் இருவரும் அடுத்தடுத்து உயிர்நீத்தனர். ஒன்பது வயதுச் சார்லட் வீட்டின் மூத்த பிள்ளை ஆனார். அவருக்குப் பின் தம்பி பிரான்வெல், தங்கையர் எமிலி, ஆன் ஆகிய மூவர் எஞ்சினர்.

1826ஆம் ஆண்டு ஜூன் மாதம் லீட்ஸ் நகருக்குச் சென்று திரும்பிய தந்தை, மகனுக்காக ஒரு பெட்டி நிறைய மரத்தாலான போர்வீரர் பொம்மைகளை வாங்கி வந்தார். மொத்தம் பன்னிரண்டு பொம்மைகள். பிள்ளைகள் நால்வரும் ஆளுக்கொன்றைத் தமதாக்கிக் கொண்டனர். சார்லட் தம் வீரனுக்கு வெலிங்டன் கோமகன் எனப் பெயரிட்டார். திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் பங்குகொண்டு, பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற அதே வெலிங்டன்தான். பிரான்வெல்லோ தம் வீரனை நெப்போலியன் ஆக்கினார். எமிலியும் ஆனும் பின்னர்த் தம் வீரர்களுக்கு, வடதுருவக் கடல்களை ஆராய்ந்த பாரி, ராஸ் என்னும் மாலுமிகளின் பெயர்களைச் சூட்டினர்.

விளையாட்டு விரைவில் நாடாக வளர்ந்தது. பன்னிரு வீரரும் கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறங்கி, அங்கிருந்த அசாந்தி மக்களோடு போரிட்டுக் கண்ணாடி நகரம் என்னும் தலைநகரை எழுப்பினர். பெரியவர்கள் உண்மையில் செய்ததையே சிறுவர்கள் தாளில் செய்தனர் எனலாம். அசாந்தியரின் நிலம் யாருடையது என்னும் கேள்வி அவ்விளையாட்டின் தொடக்கத்தில் எழவே இல்லை. நான்கு பிள்ளைகளும் அந்நாட்டின் காவல் பூதங்கள். போரில் மாண்ட வீரனை உயிர்ப்பிக்கும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு. இரண்டு அக்காள்மாரைப் பறிகொடுத்த வீட்டில் இப்படியொரு விதி பிறந்ததில் வியப்பில்லை.

நாடு என்றால் செய்தி வேண்டும். 1829இல் பிரான்வெல் ஓர் இதழைத் தொடங்கினார். சில மாதங்களில் அதைச் சார்லட் ஏற்று நடத்தினார். படிப்பவர் பொம்மை வீரர்கள் அல்லவா? எனவே இதழும் தீப்பெட்டி அளவே இருந்தது. கிடைத்த தாள்களை நறுக்கித் தைத்து, அச்செழுத்தைப் போன்ற நுண்ணிய எழுத்தில் கதை, கவிதை, விளம்பரம் ஆகியவற்றை நிரப்பினர்.

1831இல் சார்லட் ரோ ஹெட் என்னும் பள்ளிக்குச் சென்றார். ஏறத்தாழ அக்காலத்தில் எமிலியும் ஆனும் பிரிந்து, பசிபிக் பெருங்கடலில் கோண்டால் என்னும் தனித் தீவு நாட்டைப் படைத்தனர். சார்லட்டும் பிரான்வெல்லும் 1834இல் ஆங்கிரியா என்னும் புதிய நாட்டை உருவாக்கி, சமோர்னா என்பவனை அதற்கு அரசனாக்கினர். போரும் ஆட்சிச் சூழ்ச்சியும் பிரான்வெல்லின் பங்கு. அரண்மனையில் உள்ளோரின் மனப்போராட்டம் சார்லட்டின் பங்கு.

1835இல் சார்லட் அதே பள்ளியில் ஆசிரியை ஆனார். வேலை அவருக்குச் சுமையாயிற்று. மாணவியர் பாடம் ஒப்பிக்கும்போதே அவர் கண்முன் ஆங்கிரியா விரியும். ஒருமுறை, தாம் இல்லாத வேளையில் தம்பி ஆங்கிரிய அரசியைக் கதையில் சாகடித்துவிட்டாரோ என்று அவர் குறிப்பேட்டில் கவலையுடன் எழுதினார். பிறகு தாம் எழுதிய கதையில் அரசியை உயிரோடு மீட்டார். இல்லாத நாட்டின் அரசிக்காகப் பட்ட துயரம் உண்மையான துயரமாகவே இருந்தது. கற்பனை தம்மை விழுங்குகிறதோ என்னும் அச்சமும் அவருக்கு உண்டாயிற்று. 1839ஆம் ஆண்டளவில், நெடுங்காலம் பழகிய அந்நாட்டை விட்டுப் பிரிவது நண்பர்களைப் பிரிவதற்கு ஒப்பானது எனக் குறித்து, ஆங்கிரியாவிடம் விடைபெற்றார்.

தங்கையர் விடவில்லை. 1845இல் யார்க் நகருக்குப் பயணம் செய்தபோது, 26 வயது எமிலியும் 25 வயது ஆனும் வழியெல்லாம் கோண்டால் நாட்டு மாந்தராகவே நடித்து மகிழ்ந்தனர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் எமிலியின் கவிதை ஏடு சார்லட்டின் கண்ணில் பட்டது. தம்மைக் கேளாது படித்ததற்காக எமிலி கடுஞ்சினம் கொண்டார். அவரை இணங்கச் செய்ய நாள்கள் பிடித்தன. கோண்டால் பெயர்களை நீக்கிய பின்னரே அக்கவிதைகள் அச்சேறின. மூவரும் ஆண்பெயர் போல் தோன்றும் புனைபெயர்களில் 1846இல் வெளியிட்ட அந்நூல் முதலில் இரண்டு படிகளே விற்றது.

அடுத்த ஆண்டு ‘ஜேன் அயர்’ வெளிவந்தது. அதில் அரசனும் இல்லை, போரும் இல்லை. அழகோ செல்வமோ அற்ற ஓர் ஆசிரியையே தலைவி. ஆங்கிரியாவில் பயின்ற கை, கண்டறிந்த உலகை எழுதியது.

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1848 செப்டம்பரில் பிரான்வெல்லும் டிசம்பரில் எமிலியும் 1849 மே மாதத்தில் ஆனும் இறந்தனர். நால்வர் ஆண்ட நாடுகளில் சார்லட் ஒருவரே எஞ்சினார். 1854இல் ஆர்தர் பெல் நிக்கல்ஸ் என்பவரை மணந்த அவர், மறு ஆண்டு மார்ச் 31ஆம் நாள் தம் 38ஆம் வயதில் காலமானார்.

கோண்டாலின் உரைநடைக் கதைகள் கிடைக்கவில்லை, கவிதைகளே எஞ்சின. சார்லட்டின் சிற்றிதழ்கள் பல தப்பின. 14 வயதில் அவர் எழுதிய ஒன்றை 2019இல் பாரிஸ் நகர ஏலத்தில் 6,00,000 யூரோவுக்கு வாங்கி, ஹாவர்த் இல்லத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தினர் அதை வீட்டுக்கே கொண்டு வந்து சேர்த்தனர்.