ஹாட்டி மக்டானியல் அம்மையார்

அமெரிக்க நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா நகரில் 1893ஆம் ஆண்டு பிறந்தவர் ஹாட்டி மக்டானியல் அம்மையார். இவர்தம் பெற்றோர் அடிமைத்தளையில் பிறந்து, பின்னர் விடுதலை எய்திய கருப்பினத்தார்.

இளமை முதற்கொண்டே பாட்டிலும் நடிப்பிலும் வல்லவரான இவர், ஊர்தோறும் மேடையேறிப் பின் 1931இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரை அடைந்தார். அக்காலத் திரைப்படங்களில் கருப்பினப் பெண்டிர்க்கு வாய்த்தது பெரும்பாலும் பணிப்பெண் வேடமே. வேடம் கிட்டாத நாளிலோ, பிறர் வீடுகளில் மெய்யாகவே பணிப்பெண்ணாக உழைத்தார். என்னே வாழ்வின் விந்தை!

1939இல் வெளிவந்த ‘கான் வித் தி விண்ட்’ படத்தில், தான் வளர்த்த செல்வமகளை அஞ்சாது இடித்துரைக்கும் பணிப்பெண்ணாக இவர் தோன்றினார். அப்பாத்திரத்தின் பெருமிதத்தைக் கண்ணாலும் குரலாலும் புலப்படுத்தினார். ஆயினும் அட்லாண்டா நகரில் நிகழ்ந்த முதற்காட்சிக்கு, அங்கு நிலவிய நிறவேற்றுமைச் சட்டங்களால், இவர் செல்ல இயலவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று, சிறந்த துணை நடிகைக்குரிய ஆஸ்கார் பரிசு இவருக்கு வழங்கப்பெற்றது. கருப்பினத்தார் எவரும் அதற்குமுன் அப்பரிசைப் பெற்றதில்லை. விழா நடந்த விடுதியோ கருப்பரை உள்ளே விடாத விடுதி. தனி இசைவின்பேரில் நுழைந்த அம்மையார், உடன் நடித்தோரோடு அன்றிச் சுவரோரம் இட்ட சிறு மேசையருகே அமர்த்தப்பட்டார். அங்கிருந்து எழுந்து சென்றே பரிசை ஏற்றார்.

பரிசு பெற்றபின்னும் வேடம் மாறவில்லை. அவ்வேடங்கள் இனத்திற்கு இழுக்கு என்று அவ்வினத் தலைவர் சிலரே பழித்தனர். அப்பழி முற்றும் தகாதது என்று யாம் கூறோம். எனினும் வேறு கதவு திறவாதபோது அவர் செய்யத்தக்கது யாது? 1947 முதல் வானொலியில் பியூலா என்னும் பணிப்பெண்ணாக நடித்துப் புகழுற்றார். தொலைக்காட்சியிலும் அவ்வேடத்தையே ஏற்றார். சில பகுதிகளே நடித்த நிலையில் நோயுற்று, 1952 அக்டோபர் 26இல் மறைந்தார். ஹாலிவுட் இடுகாட்டில் அடக்கம்பெற அவர் விரும்பியிருந்தார். நிறம் காரணமாக அவ்விடம் மறுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டு அவ்விடுகாட்டிலேயே அவருக்கு நினைவுக்கல் நாட்டப்பெற்றது.