அடைக்கலம் தந்த ஔவை இல்லம்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் அவ்வூர் மகாராசர் கல்லூரியின் முதல்வர்; தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபினர். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் மன்னரின் இசைவோடு அம்மையார் இடம் பெற்றார். பின்னர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் பட்டம் பெற்றார். 1914இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்மணி அவரே. சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிப்பதைத் தம் கடமையாகக் கொண்டார். கோயில் பணிக்கென விடப்பட்ட மானிய நிலங்களை, அப்பணியிலிருந்து விலகிய பின்னரும் தேவதாசியர் தம்முடைமையாகக் கொள்ள 1929இல் சட்டத் திருத்தம் வந்தது. பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதாவையும் அவர் முன்வைத்தார். எனினும் 1930இல் காந்தியடிகள் சிறைப்பட்டதைக் கண்டித்து அம்மையார் பதவி துறந்தார்.

அக்காலத்தில், அவ்வாழ்வை வெறுத்து வெளியேறிய சிறுமியர் சிலர் அடைக்கலம் தேடி அவர் வீட்டு வாயிலுக்கு வந்தனர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை; பிறப்பைக் காட்டியே விலக்கின. வழக்கத்தை விட்டு வெளியே வா என்று ஒரு பெண்ணை அழைத்தால், வந்தவளுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் வேண்டும் என்பதை அம்மையார் அன்று கண்கூடாக உணர்ந்தார். தம் இல்லத்திலேயே அவர்களைத் தங்கவைத்துப் படிக்கச் செய்தார். அதுவே ஔவை இல்லமாயிற்று.

பின்னர் அவ்வில்லம் அடையாற்றில் நிலைகொண்டது. தாய்தந்தையரை இழந்தோர், கைவிடப்பட்டோர், வறியோர் எனப் பெண்மக்கள் பலருக்கும் சாதி வேறுபாடின்றி அதன் கதவு திறந்தது. உண்டியும் உறையுளும் தந்ததோடு நில்லாமல், சொந்தக் காலில் நிற்கும் கல்வியையும் அது அளித்தது.

அவர் முன்னெடுத்த தடைச் சட்டம் 1947இல்தான் நிறைவேறியது. அதற்கிடையே கழிந்தவை பதினேழு ஆண்டுகள். ஒரு குழந்தையின் இளமை முழுவதும் அதற்குள் கடந்துவிடும். அவ்விடைவெளியில் சட்டத்தால் காக்க இயலாத பிள்ளைகளை ஔவை இல்லம் காத்தது.

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தோன்ற வித்தாயிற்று. 1956இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார், 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள் இயற்கை எய்தினார். சில சிறுமியரோடு அவர் தொடங்கிய இல்லத்தில் இன்றும் பெண்மக்கள் வளர்கின்றனர், பயில்கின்றனர்.