வீடு தேடிச் சென்ற கல்வி: பேகம் ரொக்கேயா அம்மையார்

நம் சங்கத்தின் துணைப்பாட வகுப்பைப் பற்றி எண்ணும்போதெல்லாம் வங்காளத்துப் பேகம் ரொக்கேயா அம்மையார் நம் நினைவுக்கு வருகிறார். பள்ளிக்கூடம் கண்ட அவர், பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தவர் அல்லர்.

1880-ஆம் ஆண்டு ரங்பூர் மாவட்டம் பைராபந்த் சிற்றூரில், ஜமீன்தார் குடும்பத்தில் பிறந்தார். அந்நாளில் அத்தகைய வீடுகளில் பெண்பிள்ளைகள் குர்ஆன் ஓதக் கற்பார்கள். வங்காளமும் ஆங்கிலமும் அவர்களுக்கு எட்டாதவை. வீட்டார் உறங்கியபின் அண்ணன் இப்ராஹீம் சாபிர் மெழுகுவத்தி வெளிச்சத்தில் தங்கைக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அக்காள் கரீமுன்னிஸா வங்காளம் கற்பித்தார்.

பாகல்பூரில் அரசு அதிகாரியாக இருந்த கணவர் சகாவத் ஹுசைன், மனைவியின் எழுத்துக்குத் துணை நின்றார். அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் வெளிவந்தது, சென்னையிலிருந்து வந்த ஒரு மகளிர் இதழில்தான். பெண்கள் பள்ளிக்கென 10,000 ரூபாய் ஒதுக்கிவைத்துவிட்டு 1909-இல் கணவர் காலமானார். அதே ஆண்டு ஐந்து மாணவியருடன் பாகல்பூரில் பள்ளியைத் தொடங்கினார். குடும்பச் சொத்துத் தகராறால் அவ்வூரை விட்டு வெளியேற நேர்ந்தது. மனம் தளராமல், 1911 மார்ச் 16 அன்று கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மறுபடியும் தொடங்கினார். வீடு வீடாகச் சென்று பெற்றோரை இணங்க வைத்தார். கோஷா முறைக்குக் குறை வராதபடி திரையிட்ட வண்டியில் பிள்ளைகளை அழைத்து வந்தார்.

ஆனால் அந்த வண்டி எல்லா வாசலிலும் நிற்கவில்லை. கல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் இருந்த ஏழைப் பெண்களுக்குப் பள்ளியும் எட்டவில்லை, வீட்டில் சொல்லிக்கொடுக்க அண்ணனும் இல்லை. 1916-இல் அம்மையார் தொடங்கிய முஸ்லிம் மாதர் சங்கம் அவர்களைத் தேடிப் போனது. சங்கத்துப் பெண்கள் குழுக்களாகக் குடிசைகளுக்குச் சென்று எழுத்து, வாசிப்பு, சுத்தம், குழந்தை வளர்ப்பு ஆகியவற்றைக் கற்பித்தார்கள். ஏழை விதவைகளுக்கும் சங்கம் கைகொடுத்தது. எழுத்தறிந்த தாயின் மடியே பிள்ளைக்கு முதல் வகுப்பறை அல்லவா?

எதிர்ப்பும் ஏச்சும் அவரை விட்டு நீங்கவில்லை. 1932 டிசம்பர் 9 அன்று மறையும்வரை பணியையும் அவர் விடவில்லை. கணவர் பெயரைத் தாங்கிய அப்பள்ளி இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பள்ளியாக நடைபெறுகிறது.

பொன்விழாக் காணும் நாம், துணைப்பாட வகுப்புக்கு வந்து தேறிய பிள்ளைகளைப் பாராட்டுகிறோம், அது முறையே. வராத பிள்ளைகளோ நம் பதிவேட்டிலேயே இல்லை. தந்தைக்கு இரவு வேலை, தாய்க்குச் சாப்பாட்டுக்கடையில் வேலை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும் பிள்ளைக்கு நம் வகுப்பு இலவசம் என்பதால் மட்டும் பயனில்லை. அந்த வீட்டுக் கதவை நம்மில் ஒருவர் போய்த் தட்ட வேண்டும். அடுத்த ஐம்பது ஆண்டுப் பணியை அங்கிருந்து தொடங்குவோம்.

அம்மையாரின் நற்பணியை இறைவன் ஏற்றருள்வானாக. ஆமீன்.