பிரான்சிஸ் காம்பெல்

கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டால் பேராவூரணிப் பகுதிச் சிறுவர்க்குக் கொண்டாட்டந்தான். கரையினின்று குதித்து நீந்துவர். தென்னந்தோப்புகளில் ஓடிப் பிடித்து ஆடுவர். கண்பார்வையற்ற பிள்ளையை மட்டும் தாய் திண்ணையில் அமர்த்திவிடுவதுண்டு. விழுந்துவிடுமோ என்னும் அவளது அச்சம் அன்பினின்று பிறப்பதே. ஆயினும் அப்பிள்ளையின் உடல் தளர்வதற்கும் உள்ளம் சோர்வதற்கும் அதுவே காரணமாகிவிடுகிறது. எந்நாட்டிலும் காணப்படும் இந்நிலையை மாற்றப் பாடுபட்டவர் பிரான்சிஸ் ஜோசப் காம்பெல்.

அவர் 1832ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் விளையாடும்போது முள் தைத்ததனால் பார்வையை இழந்தார். நாஷ்வில் நகரில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்த அவருக்கு இசை வராது என்று ஆசிரியர் கூடை முடைய விட்டுவிட்டார். சிறுவரோ சோர்ந்திலர், உடன் பயின்ற ஒருவனிடம் மறைவாகப் பியானோ கற்றார். சில ஆண்டுகளில் அப்பள்ளிக்கே இசையாசிரியரானார்! அடிமை முறையை வெறுத்தமையால் தம் மாநிலத்தாரின் பகைக்கு ஆளாகி, பின்னர்ப் பாஸ்டன் நகரிலிருந்த பெர்க்கின்ஸ் பள்ளியில் பதினோராண்டு பணிபுரிந்தார்.

இசை நன்கு கற்ற பார்வையற்றோர் பலர் பிழைக்க வழியின்றித் தவிப்பதை அவர் கண்டார். வீடு வீடாகச் சென்று இசை கற்பிக்க வேண்டியவனுக்குத் தெருவில் தனியே நடக்கும் துணிவு வேண்டுமன்றோ? விரல்கள் மட்டும் பழகினால் போதுமா? எனவே 1872இல் ஆர்மிட்டேஜ் என்னும் மருத்துவருடன் இணைந்து இலண்டனில் கல்லூரி ஒன்றை நிறுவியபோது, உடற்பயிற்சிக்கும் இசைக்கு நிகரான இடம் அளித்தார். அங்கே மாணவர்கள் நீந்தினர், படகு வலித்தனர், சக்கரக் காலணி பூண்டு சறுக்கினர். பார்வையுடைய ஒருவர் முன்னமர்ந்து வழிசெலுத்த, பலர் ஒருங்கே மிதிக்கும் மிதிவண்டியில் உலாவினர். கண்டோர் முதலில் அஞ்சியதில் வியப்பில்லை.

மாணவர்க்குக் கற்பித்த துணிவு அவரிடமும் இருந்தது. 1880இல், நாற்பத்தேழு வயதில், வழிகாட்டிகளுடன் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாண்ட் பிளாங்க் சிகரத்தில் ஏறினார். 4,800 மீட்டருக்கும் உயர்ந்த அப்பனிச் சிகரத்தை அடைந்த முதல் பார்வையற்றவர் அவரே.

அவரிடம் பயின்ற ஆல்பிரட் ஹாலின்ஸ் பிற்காலத்தில் ஆர்கன் இசையில் பெரும்புகழ் பெற்றார். வேறு பலர் இசையாசிரியராகவும் பியானோ சுருதி சேர்ப்போராகவும் தம் உழைப்பால் வாழ்ந்தனர். காம்பெல் 1909இல் சர் பட்டம் பெற்றார். நாற்பதாண்டு நடத்திய கல்லூரியின் பொறுப்பை 1912இல் தம் மகனிடம் ஒப்புவித்து, 1914ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் மறைந்தார்.