எதிர்ப்பின் நடுவே யோசே வாஸ் முனிவர்

மாணவர்களே, ஒருவர் உங்களை எதிர்க்கும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? பதிலுக்கு எதிர்ப்பீர்கள், அல்லது பயந்து ஒதுங்கிவிடுவீர்கள். இவ்விரண்டையும் செய்யாத ஒருவரின் வாழ்க்கையை இங்கு காண்போம்.

யோசே வாஸ் 1651 ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவிலுள்ள பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்கள் ஒல்லாந்தர் வசம் இருந்தன. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய அவர்கள், கத்தோலிக்கக் குருமாரைத் தடைசெய்தனர். இதற்குச் சமயம் மட்டும் காரணமன்று. கத்தோலிக்கர் போர்த்துக்கேயருக்குத் துணைபோவர் என்ற அச்சமும் காரணமாகும். இதனால் கத்தோலிக்க மக்கள் பல ஆண்டுகள் குருவின்றி வாழ்ந்தனர்.

இச்செய்தியை அறிந்த யோசே வாஸ் 1686 இல் கோவாவை விட்டுப் புறப்பட்டார். மறு ஆண்டு ஏழைக் கூலியாள் வேடத்தில், யோன் என்னும் இளைஞனுடன் யாழ்ப்பாணத்தை அடைந்தார். கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். ஏன் தெரியுமா? அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களைக் கத்தோலிக்கர் என அடையாளம் காண்பதற்காகவே. பின்னர் சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவில் இரகசியமாகப் பணியாற்றினார்.

1689 நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தர் திடீரென முற்றுகையிட்டு, வழிபாட்டுக்குக் கூடியிருந்த பலரைக் கைதுசெய்தனர். முனிவர் அவர்கள் கையில் அகப்படவில்லை. பின்னர் அவர் கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். இது கோழைத்தனமா? இல்லை. தாம் பிடிபட்டால் மக்களுக்குக் குரு இல்லாமற் போய்விடும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஓடியது உயிருக்காக அன்று, பணிக்காகவே.

1692 இல் கண்டிக்குச் சென்றபோது, அவர் போர்த்துக்கேயரின் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். அங்கும் அவர் காலத்தை வீணாக்கவில்லை. சிங்கள மொழியைக் கற்றார், செபம் செய்தார், சிறு குடிலொன்றை அமைத்து வழிபட்டார். தம்மைக் குற்றஞ்சாட்டியவர்களைத் தூற்றவில்லை. அவருடைய நடத்தையைக் கண்டு சந்தேகம் தணிந்தது. பௌத்த மன்னரான இரண்டாம் விமலதர்மசூரியன் சமயப்பணிக்கு இடமளித்தார். கடும் வரட்சியின்போது முனிவரின் செபத்தால் மழை பெய்தது எனவும் மரபு கூறுகின்றது.

1697 இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மக்கள் அஞ்சி ஓடினர், நோயாளர் கைவிடப்பட்டனர். முனிவரோ தம் மருமகனான யோசே கர்வாலோ அடிகளாருடன் நகரில் தங்கினார். உணவளித்தார், புண்களைக் கழுவினார், இறந்தோரை அடக்கம் செய்தார். எந்தச் சமயத்தவர் என்று அவர் கேட்கவில்லை. தம்மை ஒற்றன் என்று சிறையிலிட்ட நகரத்துக்கு அவர் அளித்த பதில் இதுவேயாகும்.

1711 சனவரி 16 ஆம் திகதி கண்டியிலேயே அவர் உயிர் துறந்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 சனவரி 21 ஆம் திகதி அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 சனவரி 14 ஆம் திகதி புனிதராகவும் அறிவித்தனர். இரு நிகழ்வுகளும் கொழும்பு காலிமுகத்திடலில் நடைபெற்றன.

மாணவர்களே, எதிர்ப்பை யோசே வாஸ் எவ்வாறு எதிர்கொண்டார் என வினவப்பட்டால், பொறுமையுடன் சகித்தார் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பொறுமை என்பது சும்மா இருப்பதன்று. ஆபத்தில் விவேகமாக இடம் மாறினார்; சிறையில் கற்றார்; கொள்ளைநோயில் சேவை செய்தார். இம்மூன்றையும் சான்றுடன் எழுதுங்கள். பரீட்சை முடிந்த பின்னரும், உங்களை எவராவது எதிர்க்கும் நாளில், இம்மூன்றையும் நினைத்துக்கொள்ளுங்கள்.