வால்நட்சத்திரம் தேடிய கரோலின்

தொலைநோக்கி விற்கும் கடைகளில், ஐநூறு மடங்கு பெரிதாகத் தெரியும் என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் மயங்கிவிடாதீர்கள். இருபது, முப்பது மடங்கு மட்டுமே பெரிதாக்கும் தொலைநோக்கிகளால் வானத்தைத் துழாவிப் புகழ்பெற்ற ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

கரோலின் ஹெர்ஷல் 1750 மார்ச் 16ம் தேதி ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பிறந்தார். அப்பா ராணுவ இசைக்குழுவில் வாத்தியம் வாசிப்பவர். பத்து வயதில் கரோலினுக்கு டைபஸ் என்ற கொடிய காய்ச்சல் வந்தது. பிழைத்துக்கொண்டாலும் வளர்ச்சி நின்றுபோனது. பெரியவரான பிறகும் உயரம் நாலேகால் அடிதான். இவருக்கு எங்கே கல்யாணம் ஆகப்போகிறது என்று நினைத்து, வீட்டு வேலைக்கே வைத்துக்கொண்டார் அம்மா.

இங்கிலாந்தின் பாத் நகரில் இசை ஆசிரியராக இருந்த அண்ணன் வில்லியம், 1772ல் தங்கையை அழைத்துப்போக வந்தார். அம்மா எளிதில் விடவில்லை. வேலைக்கு வேறு ஆள் வைக்கப் பணம் தருவதாக வில்லியம் ஒப்புக்கொண்ட பிறகே கரோலினுக்கு விடுதலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 22.

அண்ணனுக்கு வானத்தின் மேல் தீராத ஆசை. பெரிய தொலைநோக்கி வாங்கக் காசு இல்லை. செம்பையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தானே ஆடி வார்த்தார். அதற்கான அச்சு எதில் செய்தார்கள் தெரியுமா? குதிரைச் சாணத்தில்! அதை இடித்துச் சலித்ததில் கரோலினுக்கும் பங்கு உண்டு. ஒருமுறை அண்ணன் 16 மணி நேரம் கையை எடுக்காமல் ஆடியை மெருகேற்றினார். கரோலின்தான் அவருக்குச் சாப்பாடு ஊட்டிவிட்டார்.

1781ல் வில்லியம் யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்தார். அரசர் ஆண்டுக்கு 200 பவுண்டு சம்பளம் கொடுத்தார். 1783ல் தங்கைக்காக ஒரு சிறிய தொலைநோக்கி செய்துகொடுத்தார் அண்ணன். அதன் குவியத் தூரம் 27 அங்குலம். உருப்பெருக்கம் குறைவுதான். ஆனால், நான்கு முழு நிலாக்களை வரிசையாக வைத்தாலும் அதன் பார்வைக்குள் அடங்கிவிடும்!

வால்நட்சத்திரம் தேட அதுதான் வசதி. மைதானத்தில் தொலைந்த பந்தைப் பப்பாளிக் குழல் வழியாகத் தேடினால் கிடைக்குமா? அதிகமாகப் பெரிதாக்கினால் வானத்தின் துளியூண்டு இடம்தான் தெரியும். மங்கலான ஒளியும் பரவி இன்னும் மங்கிப்போகும்.

கணக்கும் எளிதுதான். தொலைநோக்கியின் குவியத் தூரத்தைக் கண்ணருகு வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 700 மில்லிமீட்டர் தொலைநோக்கியில் 10 மில்லிமீட்டர் வில்லை 70 மடங்கு காட்டும். 25 மில்லிமீட்டர் வில்லை 28 மடங்கு காட்டும். கையில் காசு குறைவு என்றால் முதலில் 25ஐ வாங்குங்கள். விலை குறைந்த சாதாரண வில்லையே போதும்.

1783 டிசம்பர் 31ம் தேதி இரவு. தரையெல்லாம் பனி. அண்ணனுக்கு உதவ ஓடிய கரோலின் சறுக்கி விழ, இரும்புக் கொக்கி ஒன்று தொடையில் பாய்ந்து சதையைப் பிய்த்துவிட்டது. காயம் ஆறியதும் மறுபடி வானம் பார்க்க வந்துவிட்டார்!

1786 ஆகஸ்ட் 1ம் தேதி, அண்ணன் ஜெர்மனி போயிருந்தார். தனியே வானத்தைத் துழாவிய கரோலினுக்கு மங்கலான பஞ்சுப் பொதி போன்ற ஒன்று தென்பட்டது. அது நகர்ந்தால்தான் வால்நட்சத்திரம். மறுநாளோ ஒரே மேகம்! நள்ளிரவு கடந்து ஒரு மணிக்கு வானம் தெளிந்தது. பார்த்தால், அது இடம் மாறியிருந்தது! தூங்கப் போகாமல் அப்போதே அறிஞர்களுக்குக் கடிதம் எழுதினார். மறு ஆண்டு அரசர் அவருக்கு 50 பவுண்டு ஆண்டுச் சம்பளம் கொடுத்தார். பெண்ணுக்கு அறிவியல் பணிக்காகச் சம்பளம் என்பது அந்நாளில் அங்கே கேள்விப்படாத விஷயம்.

1797க்குள் எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். எட்டாவதை வெறும் கண்ணாலேயே பார்த்து, குதிரையேறி கிரீன்விச் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சொன்னார். பக்கம் பக்கமாக விண்மீன் கணக்குப் போட்ட இவருக்கு வாய்ப்பாடு மட்டும் கடைசி வரை மனப்பாடமாகவில்லை. தாளில் எழுதிக் கூடவே வைத்திருந்தாராம். (இதைச் சொல்லி உங்கள் கணக்கு ஆசிரியரிடம் தப்பிக்கப் பார்க்காதீர்கள்!)

1822ல் அண்ணன் மறைந்ததும் ஹானோவர் திரும்பினார். 1828ல் லண்டன் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. 1848 ஜனவரி 9ம் தேதி, 97 வயதில் காலமானார்.

1788 டிசம்பரில் அவர் கண்ட வால்நட்சத்திரம் சூரியனைச் சுற்றிவிட்டு 1939ல் திரும்பி வந்தது. இனி 2092ல் வரும். அன்று நீங்கள் உங்கள் பேரப் பிள்ளைகளோடு மாடிக்குப் போய்ப் பாருங்கள்.