ஆஸ்கர் பர்னாக்

ஆஸ்கர் பர்னாக் (நவம்பர் 1, 1879 – ஜனவரி 16, 1936) ஜெர்மனியைச் சேர்ந்த நுண்கருவிப் பொறிவினைஞரும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். லைக்கா என்னும் 35 மி.மீ. ஒளிப்படக் கருவியை வடிவமைத்தவர் இவரே. 36 × 24 மி.மீ. என்னும் படச்சட்ட அளவு உலகெங்கும் பரவ இவருடைய கருவி வழிவகுத்தது. இன்றைய எண்ணிமக் கேமராக்களில் 'ஃபுல் ஃபிரேம்' எனப்படும் உணரியின் அளவும் இதுவேயாகும். பழைய படச்சுருள் கேமராக்களைச் சேகரிப்போர், எம் வரிசைக்கு முந்தைய அமைப்புடைய லைக்காக்களை இன்றும் 'பர்னாக் லைக்கா' என்றே அழைக்கின்றனர்.

இளமையும் தொழிற்பயிற்சியும்

பர்னாக் பிராண்டன்பர்க் பகுதியிலுள்ள லினோவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெர்லினை அடுத்த லிக்டர்ஃபெல்டேயில் நுண்கருவித் தொழில் பயின்றார். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெற்றவர் அல்லர். பட்டறையில் கையால் செய்து கற்றதே அவருடைய பொறியியல். 1902இல் யெனா நகரிலுள்ள கார்ல் சைஸ் நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

விடுமுறை நாட்களில் துரிங்கியா காட்டுப்பகுதியில் நடந்து சென்று இயற்கைக் காட்சிகளைப் படமெடுப்பது அவருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அக்காலத்தில் இதற்கு 13 × 18 செ.மீ. கண்ணாடித் தகடுகளைக் கொண்ட பெரிய கேமரா, தகடுகள் நிறைந்த தோல்பெட்டி, முக்காலி ஆகிய அனைத்தையும் சுமக்க வேண்டியிருந்தது. பர்னாக்கோ ஈளை நோயால் துன்புற்றவர். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும் ஒருவருக்கு இந்தச் சுமை பெருந்தடையாக அமைந்தது. சிறிய நெகட்டிவில் படமெடுத்து, பின்னர் அதைத் தாளில் பெரிதாக்கிக் கொள்ளலாம் என்னும் எண்ணம் அவருக்கு இங்குதான் தோன்றியது. முதலில் ஒரே கண்ணாடித் தகட்டில் பல சிறு படங்களை எடுத்துப் பார்த்தார். தகட்டின் பூச்சு கரடுமுரடாக இருந்ததால் பெரிதாக்கிய படங்கள் தெளிவாக வரவில்லை.

லைட்ஸ் நிறுவனத்தில்

சைஸில் உடன் பணியாற்றிய எமில் மெக்காவ், திரைப்பட வீழ்த்தி ஒன்றை உருவாக்குவதற்காக வெட்ஸ்லார் நகரிலுள்ள எர்ன்ஸ்ட் லைட்ஸ் நுண்ணோக்கி நிறுவனத்துக்குச் சென்றிருந்தார். அவர் பரிந்துரையின் பேரில் பர்னாக்கும் 1911 ஜனவரியில் அங்குச் சேர்ந்து, சோதனைப் பட்டறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

அங்கு அவர் தம் பயன்பாட்டுக்காக உலோக உடல் கொண்ட திரைப்படக் கேமரா ஒன்றைச் செய்தார். திரைப்படச் சுருளின் பூச்சு கண்ணாடித் தகட்டினதை விட நுண்மையானது. யெனாவில் தோற்றுப்போன முயற்சிக்கு ஏற்ற பொருள் இதன் வழியாகவே அவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1914 தொடக்கத்தில் திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறிய உலோகக் கேமராவைச் செய்து முடித்தார். 'லிலிபுட்' என்று அவர் குறித்த இக்கருவியே பிற்காலத்தில் 'உர்-லைக்கா', அதாவது முதல் லைக்கா, எனப் பெயர் பெற்றது.

இதன் ஷட்டர் வேகம் 1/40 நொடி மட்டுமே. அது திரைப்படக் கேமராவின் ஒளிபடு நேரத்தை ஒத்திருப்பதால், திரைப்படச் சுருளைச் சோதித்துப் பார்க்கவே இக்கருவி செய்யப்பட்டது என்போர் உளர். நடைப்பயணத்துக்கான கேமராவாகவே கருதப்பட்டது என்போரும் உளர். இரண்டு நோக்கங்களும் ஒருங்கே இருந்திருக்கலாம் எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

படச்சட்ட அளவு

திரைப்படத்தில் சுருள் மேலிருந்து கீழாக ஓடும். ஒவ்வொரு சட்டமும் ஓரத்துளைகள் நான்கின் உயரத்தில், 24 × 18 மி.மீ. அளவில் அமையும். பர்னாக் சுருளைக் கிடைமட்டமாக ஓடவிட்டு எட்டுத் துளைகளுக்கு ஒரு சட்டம் என வைத்தார். இதனால் பரப்பு இருமடங்காகி 36 × 24 மி.மீ. ஆயிற்று. அப்படியும் இது 13 × 18 செ.மீ. தகட்டின் பரப்பில் ஏறத்தாழ 27இல் ஒரு பங்குதான். எனவே வில்லையின் கூர்மையும் சுருளின் நுண்மையும் மிக இன்றியமையாதவை ஆயின. சுருளின் நீளத்தை அவர் தம் இரு கைகளையும் விரித்து அளந்து முடிவு செய்தார் என்றொரு கதை உண்டு. அதைக் கதையாகக் கொள்வதே நல்லது.

திரைப்படச் சுருளில் ஒளிப்படம் எடுக்கும் எண்ணம் பர்னாக்குக்கு மட்டுமே தோன்றியதன்று. அமெரிக்காவில் டூரிஸ்ட் மல்டிபிள், சிம்ப்ளெக்ஸ் ஆகிய கேமராக்கள் ஏறத்தாழ அதே காலத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. பர்னாக்கின் கருவி சட்டைப்பைக்குள் அடங்கியது. சுருளை நகர்த்தும் அதே திருகு ஷட்டரையும் ஆயத்தம் செய்ததால், ஒரே சட்டத்தில் இருமுறை படம் பதியும் பிழையும் நீங்கியது.

போரும் காத்திருப்பும்

1914 ஆகஸ்டில் முதல் உலகப்போர் தொடங்கியபோது வெட்ஸ்லார் தெருவில் படைதிரட்டல் அறிவிப்பு ஒட்டப்பட்ட காட்சியை பர்னாக் இக்கருவியால் படமெடுத்தார். 1920இல் லான் ஆறு பெருக்கெடுத்து நகருக்குள் புகுந்தபோதும் தொடர்ச்சியாகப் படங்கள் எடுத்தார். முக்காலியை நிறுத்தித் தகட்டை மாற்றிக் கொண்டிருப்பவரால் எளிதில் எடுக்க இயலாத படங்கள் இவை. எனினும் போரின் காரணமாகக் கருவி ஏறக்குறைய பத்தாண்டுகள் சந்தைக்கு வராமல் பட்டறையிலேயே தங்கிவிட்டது.

1923இல் 'சுழித் தொடர்' எனப்படும் ஏறத்தாழ இரண்டு டஜன் சோதனைக் கருவிகள் செய்யப்பட்டன. இவற்றில் சுருளை நகர்த்தும்போது ஷட்டர் திரைகளுக்கு இடையே திறப்பு இருந்தமையால், ஒவ்வொரு முறையும் வில்லையை மூடியால் மூட வேண்டியிருந்தது. பயன்படுத்திப் பார்த்தவர்களின் கருத்துகள் ஊக்கமளிப்பனவாக இல்லை. ஜெர்மனி அப்போது கடும் பணவீக்கத்தில் சிக்கியிருந்தது. நுண்ணோக்கி நிறுவனம் கேமரா செய்வது தேவையற்ற இடர் என்று நிறுவனத்துக்குள்ளேயே பலர் எண்ணினர். 1924 ஜூனில் நடந்த கலந்தாய்வின் முடிவில் உரிமையாளர் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் தம் பொறுப்பில் உற்பத்திக்கு ஒப்புதல் அளித்தார்.

1925 மார்ச்சில் லைப்சிக் வசந்தகாலச் சந்தையில் லைக்கா அறிமுகமானது. லைட்ஸ், கேமரா ஆகிய சொற்களின் முதற்பகுதிகளே இப்பெயராயின. ஷட்டரின் குறை களையப்பட்டு, 1/500 நொடி வரை வேகங்கள் தரப்பட்டன. இதற்கான 50 மி.மீ. f/3.5 வில்லையை மாக்ஸ் பெரெக் கணித்து வடிவமைத்தார். பர்னாக்கின் புகழில் பெரெக்கின் பங்கு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. அத்தகைய வில்லை இன்றேல் சிறு நெகட்டிவால் பயன் விளைந்திராது.

பிற்காலம்

1930இல் மாற்றத்தக்க வில்லைகளும், 1932இல் வில்லையுடன் இணைந்து இயங்கும் தொலைவுமானியும், 1933இல் ஒரு நொடி வரையிலான மெது வேகங்களும் சேர்க்கப்பட்டன. 1934இல் கோடாக் நிறுவனம் பகலிலேயே பொருத்தத்தக்க 35 மி.மீ. சுருள் குப்பியை வெளியிட்டது. அதற்கு முன்னர் பயனர்கள் பெரும்பாலும் இருட்டறையில் தாமே சுருளைக் குப்பியில் ஏற்றிக் கொண்டனர். தம் கருவி உலகெங்கும் பரவத் தொடங்கிய காலத்தில், 1936இல் பர்னாக் பாட் நௌஹைமில் தமது 56ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த நூற்றாண்டையொட்டி 1979இல் அவர் பெயரில் ஒளிப்பட விருது ஒன்று நிறுவப்பட்டது.

சேகரிப்பும் பயன்பாடும்

பர்னாக் தாமே பயன்படுத்திய, வியூஃபைண்டரில் அவர் பெயர் பொறிக்கப்பட்ட 105ஆம் எண் சுழித் தொடர் கருவி, 2022 ஜூனில் 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதுவரை எந்தக் கேமராவும் இவ்வளவு விலை பெற்றதில்லை. ஆனால் 1930களின் சாதாரண லைக்காக்கள் அத்தனை அரியவை அல்ல. மின்கலமோ மின்சுற்றோ இல்லாத இவற்றைத் துப்புரவு செய்து எண்ணெயிட்டு இன்றும் பலர் பயன்படுத்துகின்றனர்.

இவற்றில் சுருள் அடிப்பக்கம் வழியாகவே பொருத்தப்படும். ஆகையால் சுருளின் முனையில் ஏறத்தாழ 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு பக்கத்தை நறுக்கிக் குறுக்க வேண்டும். இதைச் செய்யாவிடில் சுருள் கிழிந்து, துணுக்குகள் ஷட்டரில் சிக்கிக்கொள்ளும். ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணியால் ஆனது. வில்லையை மூடாமல் வெயிலை நோக்கி வைத்தால் சூரிய ஒளி குவிந்து திரையில் ஓட்டை விழும்.

வாங்குவோர் போலிகளையும் அறிந்திருத்தல் வேண்டும். சோவியத் ஒன்றியத்தில், உக்ரைனின் கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் என்னும் பெயரில் லைக்காவின் நகல் செய்யப்பட்டது. ஃபெட், அதன் வழிவந்த சோர்க்கி ஆகியவற்றின் மேல் லைக்கா எனப் பொறித்து விற்பது பிற்காலத்தில் பெருகியது. வில்லையைக் கழற்றி உள்ளே பார்த்தால் வேறுபாடு தெரியும். தொலைவுமானியைத் தள்ளும் நெம்புகோலின் முனையில் அசல் லைக்காவில் சிறு உருளை இருக்கும். நகல்களில் அந்த இடத்தில் ஆப்பு வடிவத் துண்டே காணப்படும். தொடரெண்ணை மட்டும் நம்புவதும் போதாது. பழைய கருவிகளைத் தொழிற்சாலையே புதிய மாதிரிகளாக மாற்றித் தந்ததால், 1920களின் எண்ணைத் தாங்கிய கருவி தொலைவுமானியுடன் காணப்படுவதும் உண்டு.